108 கொழுக்கட்டை: யூட்டாவில் தீர்ந்த நேர்த்திக்கடன்

வேண்டிக்கொண்டது என் மாமியார். போன ஐப்பசியில் என் மகனுக்குக் குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவி, 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திருச்சியில் அத்தை மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் இருக்கும் பக்கம் திரும்பிக் கையெடுத்து, "பேரன் எழுந்து நடக்கட்டும், 108 கொழுக்கட்டை படைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை நடந்துவிட்டான். ஊருக்கு வரத்தான் லீவு கிடைக்கவில்லை. "உச்சியில இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன, அவர்தானேம்மா. தை சங்கடஹர சதுர்த்திக்கு அங்கயே முடிச்சிடு" என்றார் போனில்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து லீஹை. ஊர்ப் பெயரே மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வேதத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர். எங்கள் தெருவில் எங்களையும் இன்னொரு வீட்டையும் தவிர அத்தனை பேரும் அந்தத் திருச்சபைக்காரர்கள். நல்லவர்கள். பனி கொட்டினால் நாம் எழுவதற்குள் நம் வாசலையும் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தெருவே காலியாகிவிடும். அன்றைக்குப் பிள்ளைகளை விளையாட அனுப்ப மாட்டார்கள், இவன் மட்டும் தனியாக சைக்கிள் ஓட்டுவான். அவர்களுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம். இவன் வகுப்பில் ஒவ்வொருவராக வெள்ளை உடுப்பு உடுத்திக்கொண்டு போய்வந்தபோது, "அம்மா, எனக்கு எப்போ?" என்று கேட்டான். பதில் தெரியாமல் விபூதி பூசிவிட்டேன். இன்னொரு நாள் ஒரு பையன், "செத்த பிறகு நீ உன் அம்மா அப்பாவோட இருக்க முடியாது" என்று சொல்லிவிட, ராத்திரி முழுக்க அழுதான். சொன்னதும் சின்னப் பிள்ளைதான். ஆனாலும் அந்த வலி எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

பக்கத்து வீட்டம்மாவின் மகள் கல்யாணம் அவர்கள் கோயிலில் நடந்தது. அதற்குள் போகத் திருச்சபை கொடுக்கும் சீட்டு வேண்டும், நமக்குக் கிடையாது. நாங்கள் தோட்டத்தில் காத்திருந்தோம். வெளியே வந்ததும் அந்த அம்மா முதலில் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் சிரித்துச் சமாளித்தேன், மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

பிறகுதான் ஆஸ்பத்திரி நாட்கள் வந்தன. யார் சொன்னார்களோ, அவர்களுடைய பெண்கள் சங்கத்திலிருந்து தினம் ஒரு வீட்டுச் சாப்பாடு வந்தது. முதல் நாள் பச்சை நிற ஜெல்லோ. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது என்று என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுநாளிலிருந்து பருப்பும் உருளைக்கிழங்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு விரத நாள். இரண்டு வேளை தண்ணீர்கூட இல்லாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த மாத விரதத்தை எங்கள் தெருவே என் பிள்ளை பேரைச் சொல்லி இருந்தது. அன்று ராத்திரிதான் காய்ச்சல் இறங்கியது. அத்தை பிள்ளையார் என்கிறார், பக்கத்து வீட்டம்மா பரலோகப் பிதா என்கிறார். தெர்மாமீட்டரைப் பிடித்திருந்த எனக்கு இரண்டு பேர் காலிலும் விழத் தோன்றியது.

அதனால் சதுர்த்தியைப் பற்றி பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். "சந்திரன் வரும்வரை நீ சாப்பிட மாட்டாயா? அப்படியானால் நானும் இருக்கிறேன்" என்றார். அன்று திங்கட்கிழமை. அவர்கள் வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து ஜெபிக்கும் மாலை அது. அதை விட்டுவிட்டு வந்தார். காலையிலேயே வந்து வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கிளறிய மாவில் பிடி கொழுக்கட்டை பிடித்தார். வீடியோவில் பார்த்த அத்தை, "குளிச்சிட்டு வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். குளித்திருந்தார். "அப்ப சரி."

சவுத் ஜோர்டானில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படும்போது பனி கொட்டத் தொடங்கியது. பாயிண்ட் ஆஃப் தி மவுன்டன் மேட்டில் சாலையும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. முன்னால் ஒரு லாரி வழுக்கிக் குறுக்கே திரும்பி நின்றது. என் கணவர் வாயில் "விநாயகனே வெவ்வினையை" ஓடிக்கொண்டே இருந்தது. பின் இருக்கையில் அந்த அம்மா கைகளைக் கட்டித் தலை குனிந்து அவர் ஜெபத்தைச் செய்தார். அரைமணிப் பயணம் ஒன்றரை மணி ஆனது. மடியில் இருந்த தூக்குவாளியை நான் விடவே இல்லை.

சவுத் ஜோர்டான் மார்மன்களுக்கே பெரிய ஊர். 1981-இல் ஒன்று, 2009-இல் ஒன்று என்று ஒரே ஊருக்குள் அவர்களுக்கு இரண்டு கோயில்கள். அதே ஊரில்தான் ஸ்ரீ கணேசா ஹிந்து கோயிலில் நம் பிள்ளையாரும் இருக்கிறார். அந்தப் பனியிலும் கூட்டம் குறையவில்லை. சந்தோஷம்தான், ஆனால் திரை விலகியதும் முன்னால் இருந்தவர்கள் ஆளாளுக்குப் போனைத் தூக்கினால் பின்னால் நிற்பவன் எதைப் பார்ப்பான்? பிள்ளையைத் தோளில் தூக்கித்தான் காட்டினோம். கண்ணால் பாருங்கள் ஐயா, போனுக்கு ஏது புண்ணியம்!

உள்ளே போகுமுன் செருப்பு வைக்கும் இடத்தில் அந்த அம்மா நின்றுவிட்டார். "நான் உள்ளே வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். தோட்டத்தில் நின்ற நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

அர்ச்சனைக்கு மகன் பேர், ரோகிணி நட்சத்திரம், எல்லாம் சொன்னேன். குருக்கள் அவரைப் பார்த்து, "இவா பேர்?" என்றார். சொன்னேன். "கோத்திரம்?" எனக்கு நாக்கு எழவில்லை. குருக்கள் காத்திருக்கவில்லை. "சிவகோத்திரம்" என்று அவரே சொல்லி, அந்த வெள்ளைக்காரப் பெயரைச் சங்கல்பத்தில் சேர்த்துக்கொண்டு மேலே போய்விட்டார். அப்பனே கணபதி! ஒன்பது வருஷமாக இந்த ஊரில் எனக்கு இடம் உண்டா, என் பிள்ளைக்கு இடம் உண்டா என்று புழுங்கிக்கொண்டிருந்தேனே. உன் சன்னதியில் ஒருத்தருக்கு இடம் கொடுக்க உனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லையே! தீபாராதனை வெளிச்சத்தில் உன் தும்பிக்கையும் தெரியவில்லை, மாலையும் தெரியவில்லை, கண்ணீர்தான் மறைத்தது. என் பிள்ளை எனக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். தையல் போட்ட வயிறு. இரண்டாவது வரிசையில் அந்த அம்மாவும் காதைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துப் பார்த்துக் குனிந்து எழுந்தார். இதற்கு நான் என்ன படைப்பேன் உனக்கு? 108 போதுமா? 1008 போதுமா?

தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ராதாகிருஷ்ணர் கோயில் எழும்பியபோது இந்தத் திருச்சபை 25,000 டாலர் கொடுத்ததை முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். செய்தியாகத்தான் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது. இவர்களும் ஊர் ஊராக விரட்டப்பட்டு, 1847-இல் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து விழுந்தவர்கள். அந்த அம்மா, தன் கொள்ளுப்பாட்டியின் தாய் கைவண்டி இழுத்து நடந்து வந்த கதையைத் திரும்பும் வழியில் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பனி நின்றிருந்தது. வாசாட்ச் மலை மறைப்பதால் நமக்கு நிலா தெரிய நேரமாகும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். காபி அவர்களுக்கு ஆகாது என்பதால் ஃப்ளாஸ்க்கில் பனங்கற்கண்டு பால். பத்து மணிக்கு மேல் மேகம் விலகி, மலை விளிம்பில் தேய்பிறைச் சந்திரன் வந்தான். நான் கும்பிட்டேன். அவர் தலை குனிந்து "ஆமென்" என்றார். பிரசாத வாளியைத் திறந்து மகன் ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடி, விரல் தடம் பெரிதாகப் பதிந்த ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"இது நீங்க பிடிச்சது, ஆன்ட்டி."