லிங்க்டு சர்வரில் மெமரியும் டிஸ்க்கும் பார்க்க

கோத்தகிரி பக்கம் தேயிலை பேக்டரிகளில் எஸ்கியூஎல் சர்வர் (டேட்டாபேஸ் மென்பொருள்) பராமரிக்கும் நண்பர்களுக்கு. அங்கே டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க மழையில் பஸ் ஏற வேண்டாம், குன்னூரிலிருந்தே லிங்க்டு சர்வர் (உங்கள் சர்வரிலிருந்து இன்னொரு சர்வரைக் கேட்க வைக்கும் இணைப்பு) வழியாகப் பார்க்கலாம். ஆனால் சும்மா கெட்டேட் (இப்போதைய நேரம் தரும் ஃபங்ஷன்) என்று கேட்டால் வருவது உங்கள் சர்வரின் நேரம்தான், சர்வர் விவரம் தரும் சர்வர்பிராப்பர்ட்டியும் அப்படியே. கொரியை அப்படியே மறுமுனைக்குக் கொடுக்கும் ஓபன்கொரிக்குள் வைத்து அனுப்பினால்தான் அந்த முனையில் ஓடும். மெமரிக்கு டிஎம்_ஓஎஸ்_சிஸ்_இன்ஃபோ, அது டிஎம் வியூ (சர்வரின் நிலையை டேபிள் மாதிரி காட்டுவது), நான்கு பகுதிப் பெயரிலேயே (சர்வர், டேட்டாபேஸ், ஸ்கீமா, வியூ) படித்துவிடலாம். டிஸ்க்குக்கான டிஎம்_ஓஎஸ்_வால்யூம்_ஸ்டாட்ஸ் ஃபங்ஷன் ஆச்சே, அந்த வழி எடுபடாது, ஓபன்கொரிதான். அதுவும் டேட்டாபேஸ் ஃபைல் உள்ள டிரைவை மட்டுமே காட்டும், பேக்கப் மட்டும் கிடக்கும் டிரைவ் வராது (நிரம்பி வழிவது பெரும்பாலும் அதுதான்!). அதற்கு ஒவ்வொரு டிரைவின் மிச்ச இடத்தையும் காட்டும் எக்ஸ்பி_ஃபிக்ஸட்டிரைவ்ஸை எக்ஸிக்யூட் அட் (அந்த முனையில் ஓடச் சொல்லும் கட்டளை) போட்டு ஓட்டுங்கள், லிங்க்டு சர்வர் அமைப்பில் ஆர்பிசி அவுட் திறந்திருக்க வேண்டும். அப்புறம், அந்த முனை லாகினுக்கு வியூ சர்வர் ஸ்டேட் அனுமதி கொடுத்தால் டிஎம் வியூ படிக்கப் போதும். எல்லோரையும் எஸ்ஏவுக்கு (எல்லா அதிகாரமும் உள்ள லாகின்) மேப் பண்ணி வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் சாமி.