பச்சையம் கூடினால் பிளாங்டன் கூடியதா?

ஹவாயின் ஓவாஹு தீவுக்கு வடக்கே 100 கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் ‘ஸ்டேஷன் அலோஹா’ இருக்கிறது. 1988 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மாதம் ஒருமுறை கப்பல் போய் அங்கே நீர் எடுத்து வருகிறது. அந்த அளவீடுகளின் வரைபடங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: குளிர்காலத்தில் மேற்பரப்புக் குளோரோபில் (பச்சையம்) கூடுகிறது, ஆகவே தாவர மிதவை உயிரிகளும் (பிளாங்டன்) பெருகிவிட்டன என்று எழுதிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் பெருகுவதில்லை. வெயில் குறைந்து, காற்று நீரை ஆழமாகக் கலக்கும்போது செல்லுக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. ஈடுகட்ட அது தனக்குள் நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. ஆழத்திலும் இதே கதைதான். மேற்பரப்பில் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமை எட்டாத குளோரோபில், 100 முதல் 130 மீட்டர் ஆழத்தில் இரண்டு மூன்று மடங்காகிறது. அங்கே எட்டும் வெளிச்சம் மேலே இருப்பதில் ஏறத்தாழ 1 சதவீதம். செயற்கைக்கோளுக்கு அந்த அடுக்கு தெரியவே தெரியாது.

அட்லாண்டிக்கில் பெர்முடா அருகே நிலைமை வேறு. அங்கே குளிர்காலக் கலப்பு 150 மீட்டரைத் தாண்டும், சில ஆண்டுகளில் 200-ஐயும் தாண்டும். கீழிருந்து நைட்ரேட் என்ற ஊட்டச்சத்து மேலே வருகிறது. அதனால் வசந்தத்தையொட்டி வருவது உண்மையான பெருக்கம். அலோஹாவிலோ கலப்பு நைட்ரேட் அடுக்கைத் தொடுவது அரிது. அங்கே பார்க்கவேண்டியது கோடையை: நைட்ரஜனை நிலைநிறுத்தும் ரிச்சேலியா என்ற பாக்டீரியாவை உள்ளே வைத்திருக்கும் டயட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்) பெருகி, ஜூலை, ஆகஸ்டில் 4000 மீட்டர் ஆழத்தில் மூழ்கும் துகள்களைப் பிடிக்க வைத்த பொறிகளில்கூட வந்து விழுகின்றன. இரண்டையும் ‘வெப்பமண்டலத்தை அடுத்த கடல்’ என்று ஒரே சராசரியில் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

கருவியும் ஏமாற்றும். நண்பகலில் மேல் அடுக்கில் குளோரோபிலைக் காட்டும் ஒளிர்வு அளவீடு சரியும். கடும் வெயிலில் செல்கள் வாங்கிய ஒளியை வெப்பமாக வெளியேற்றிவிடுவதுதான் காரணம். இரவு அளவீட்டோடு ஒப்பிடாமல் நம்பக்கூடாது. இன்னொன்று, உள் ஓதங்கள் (கடலுக்குள்ளே எழும் ஓத அலைகள்) நீரடுக்குகளைச் சில மணி நேரத்தில் பத்து, இருபது மீட்டர் ஏற்றி இறக்கும். காலையில் 110 மீட்டரில் இருந்த உச்சம் மாலையில் 125-இல் இருந்தால் அது உயிரியல் மாற்றம் அல்ல. ஆழத்துக்குப் பதிலாக நீரின் அடர்த்தியை அச்சாக வைத்துச் சராசரி எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

குளோரோபிலை அளக்க நீரை வடிகட்டும்போது வெளிச்சத்தை மங்கலாக்குங்கள், உறிஞ்சலை மெதுவாக வையுங்கள். வேகம் கூடினால் செல் உடைந்து நிறமி நீரோடு போய்விடும். அலோஹாவில் வடிதாளை அசிட்டோனில் போட்டு, இருட்டில் −20 டிகிரியில் 7 நாள் ஊறவைக்கிறார்கள். கூடவே செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் கருவி) எண்ணுங்கள். 0.6 மைக்ரான் அளவுள்ள புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் நீர் இது. எண்ணிக்கை அசையாமல் குளோரோபில் மட்டும் ஏறியிருந்தால், ‘பெருக்கம்’ என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம்.