பட்டணம் கோயிலும் கவுனி தாண்டுற குடையும்

சென்னைல பூக்கடை பக்கம் எல்லாரும் சரக்கு வாங்கத்தான் போவாங்க, நான் போறது பட்டணம் கோயிலுக்கு. தேவராஜ முதலி தெரு நெரிசல்ல மீன்பாடி வண்டிக்கும் மூட்டைக்கும் வழிவிட்டு வழிவிட்டு நடந்தா கடைங்களுக்கு நடுவுல சென்னகேசவப் பெருமாள், அவரை ஒட்டியே சென்னமல்லீஸ்வரர். உள்ள போனதும் துளசி வாசனை, தீர்த்தம் வாங்கி சடாரி சாத்திக்கும்போது கூட வெளில கூலிக்காரங்க "ஓரம் ஓரம்"னு கத்துறது கேக்கும், எனக்கு அது தொந்தரவாவே தெரியாது, இந்தப் பெருமாள் எப்பவுமே பட்டணத்து ஜனத்தோட இருந்தவர்தானே.

ஆனா அவரு முதல்ல இருந்தது இங்க இல்லங்க. இப்ப ஹைகோர்ட் நிக்குதே, அந்த இடத்துலதான் பழைய கோயில், அதைச் சுத்தி தெருத்தெருவா வீடுங்க, கடைங்க, அதுதான் கோட்டைக்கு வெளில நம்ம ஜனங்க இருந்த பழைய கருப்பர் பட்டணம். 1646லயே அந்தக் கோயிலைப் பத்தி எழுத்துல இருக்கு. 1746ல பிரெஞ்சுக்காரன் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடிச்சான், 1749ல திரும்ப இங்கிலீஷ்காரன் கைக்கு வந்ததும், எதிரி மறைஞ்சு வர இடமே இருக்கக் கூடாது, பீரங்கிக்கு முன்னாடி வெட்டவெளியா இருக்கணும்னு ஊரையே இடிக்க ஆரம்பிச்சாங்க, 1757ல கோயிலும் போச்சு. ஜனங்க எப்படித் துடிச்சிருப்பாங்க! அப்புறம் 1762ல இந்தத் தெருவுல திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க, கவர்னர் பிகாட்டுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பும் பேரமும் பாக்குறவரா இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்ன நின்னு கைக்காசும் போட்டு நடத்தினாரு. அந்தப் புண்ணியவானை நினைக்காம நான் கொடிமரத்துல விழுந்து கும்பிடுறதில்ல.

தரிசனம் முடிஞ்சதும் அப்படியே என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல பாரிமுனை வரைக்கும் நடங்க. டேர் ஹவுஸ் ஓரமா ஒரு கல்தூண் இருக்கும், இடிச்ச வெளிக்கு எல்லை காட்ட 1773ல நட்டது. மொத்தம் ஆறு தூண் இருந்துச்சாம், இப்ப மிச்சம் அது ஒண்ணுதான், யாரும் நின்னு பாக்கறதில்ல, எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அதுக்கு எதிர்ல 1892ல திறந்த ஹைகோர்ட். பழைய தெருவுல ஒரு செங்கல் கூட கண்ணுல படாது, வளாகத்துக்குள்ள வெள்ளைக்காரங்க பழைய இடுகாட்டுல தப்பிச்ச சமாதி மட்டும் இருக்கு.

புரட்டாசில வந்தீங்கன்னா இன்னும் விசேஷம், திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு வெண்பட்டுக் குடை இந்தக் கோயில்ல இருந்துதான் கிளம்பும். சாயங்காலம் "குடை கவுனி தாண்டிடுச்சா"னு ஊரே கேக்கும், தாண்டுறப்ப கோவிந்தா கோஷத்துல உடம்பு சிலிர்க்கும். கவுனின்னா வாசல், மைசூர் ஹைதர் அலி பயத்துல இங்கிலீஷ்காரங்க கட்டின மதில்ல யானைக்கவுனி ஒரு வாசல், வாசல் போயி எவ்வளவோ காலமாச்சு, மதிலும் மாடிப்பூங்கா பக்கம் கொஞ்சம்தான் நிக்குது, ஆனா ஜனங்களுக்கு குடை இன்னைக்கும் கவுனியைத்தான் தாண்டுது. கூட்டத்துல நசுங்காம பாக்கணும்னா மத்தியானமே வால்டாக்ஸ் ரோடு பக்கம் போயி இடம் பிடிச்சுடுங்க, பெரியவங்களைக் கூட்டிட்டு வந்தா காலைலயே கோயில்லயே குடையைச் சேவிச்சுட்டுப் போயிடுங்க.