கயத்தாறோடு முடியாத கதை

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள், கட்டபொம்மன் சிலை முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எட்டப்பனை இரண்டு வார்த்தை வைதுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம், தூக்கு. அதோடு எல்லாம் முடிந்ததாக நினைப்பு.

எங்கள் ஆச்சிக்குக் கதை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் வாய்பேசாத தம்பி ஊமைத்துரை தப்பி வருகிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இடித்துப்போட்ட கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நிற்கிறது. வெறும் மண்கோட்டைதான். மார்ச் இறுதியில் கம்பெனித் தளபதி மெக்காலேயின் படை அதில் மோதித் தோற்றது. அக்னியூ பெரும்படையோடு வந்த பிறகுதான், மே 24இல், விழுந்தது.

அன்று சாயங்காலம் ஒருத்தி பிணக்குவியலில் மகனைத் தேடிப் போனாள். குற்றுயிராகக் கிடந்த மகன், "என்னை விடு, சாமியைத் தூக்கு" என்று பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெண்கள் தூக்கிப்போனார்கள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, "அம்மை கண்டு செத்துப்போனான்" என்று மாரடித்து அழுதார்கள். வந்தவர்கள் ஓடியே போனார்கள். இந்த இடத்தில் ஆச்சி சிரிப்பாள்.

கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷும் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். ஊமைத்துரை வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் கம்பெனிப் படையாகப் பரப்பி, வாயால் 'உஸ்' என்று ஒலியெழுப்பி மறுகையால் துடைத்துத் தள்ளுவாராம். தாக்கு என்பதற்கு அதுதான் உத்தரவு. பகைவனுக்கே மறக்க முடியாத கை!

நாங்கள் நினைவில் வைத்திருக்கும் விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கட்டபொம்மனின் தளபதிகளில் வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டில், சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் என்று மண்டபங்கள் தனித்தனி. சேர்ந்து செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்துக்கொண்டோம். மே மாதம் கட்டபொம்மனின் குலதெய்வமான வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராக ஜோதி வருகிறது. கூடவே 144 தடை உத்தரவும் வந்துவிடுகிறது. பக்கத்திலேயே, அந்தச் சண்டைகளில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் சண்டை சச்சரவில்லாமல் கிடக்கின்றன.

பிழைத்த ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடியும் போரிட்டார். பிடிபட்டதும், அதே ஆண்டு நவம்பரில், பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள். கோட்டைக்கு வருகிறவர்கள் யாராவது இதைக் கேட்டால், ஊரில் சொல்வதற்குக் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள்.