மேலிடத்து உத்தரவுக்கு நகல் கேட்டோம்

எங்கள் ஊர் செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வருகிற எல்லோரோடும் நாளைக்கும் அதே டீக்கடையில்தான் உட்கார வேண்டும்.

திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் டாரஸ் லாரிகளைப் பற்றித் தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி ஏற முடியாமல் நின்றால் கோட்டைவாசல் வரைக்கும் எல்லாமே நிற்கும், ஆம்புலன்ஸ் உட்பட. எங்கள் கதை அதில் ஒரு கிளைக்கதை. குவாரியிலிருந்து நெடுஞ்சாலைக்கு வர முறையான வழி ஒன்று உண்டு. கொஞ்சம் சுற்று, நடுவில் எடைமேடை. எங்கள் தெரு வழியாக வந்தால் சுற்றும் இல்லை, எடைமேடையும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி அதிகபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எடைமேடையை ஏன் தவிர்க்கிறார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தெரு ஊராட்சி ஒன்றியம் போட்ட தார் ரோடு. மினி பஸ்ஸும் நெல் மூட்டை டிராக்டரும் போகிற அளவுக்குப் போட்டது. ராத்திரி முழுக்க டாரஸ் ஓடியதில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது, ஒட்டினார்கள், திரும்ப உடைந்தது. பள்ளிக்கூடச் சுவரில் விரிசல். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் தெருமுனையில் நிறுத்தி, லாரி போனபின் கடத்திவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

டீக்கடையில் கோபத்துக்குக் குறைச்சல் இல்லை. “கேரளாக்காரன் நம்ம மலைய அள்ளிட்டுப் போறான்” என்று ஆரம்பித்து முதலமைச்சர், அமைச்சர், எம்.எல்.ஏ. என்று வரிசையாக எல்லோருக்கும் விழும். எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு ருசி இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புனலூரிலும் தென்மலையிலும் சம்பந்தம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அங்கே வீடு கட்டுகிறவர் கல் வாங்குகிறார், அவ்வளவுதான். மலை எங்கள் பக்கம், குத்தகை எடுத்தவர் எங்கள் பக்கம், அனுமதியில் இருக்கும் கையெழுத்தும் எங்கள் பக்கத்து அதிகாரியுடையது. திட்டுவதென்றால் விலாசம் பார்த்துத் திட்ட வேண்டாமா?

மனு கொடுக்காமலும் இல்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஊரில் பலர் போய் வரிசையில் நின்று கொடுத்திருக்கிறார்கள். ரசீது கிடைக்கும், பிறகு ஒரு கடிதம் வரும்: “தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது.” அனுப்பப்பட்ட இடத்திலிருந்து இன்னொரு கடிதம்: “இப்பொருள் இவ்வலுவலகம் தொடர்புடையதல்ல.” ரோடு ஒரு துறை, லாரி ஒரு துறை, கல் ஒரு துறை. மூன்றும் சேர்ந்து தெருவில் வந்தால் அது யாருடைய துறையும் இல்லை.

இதற்கு நடுவில் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் ஊரில் கூப்பிடுவோம். குவாரிக்கு வேண்டப்பட்டவர். எந்த ஆட்சி வந்தாலும் அவர் வேட்டியில் கரை மட்டும்தான் மாறும். இளவட்டங்கள் ஒரு தடவை லாரியை மறித்தபோது வண்டியில் வந்து இறங்கி, சத்தமே போடாமல் சொன்னார்: “இந்த வழியா வண்டி போக மேலிடத்து உத்தரவு இருக்குப்பா. கலெக்டரே நெனச்சாலும் நிறுத்த முடியாது. கேஸ் ஆயிடும், வேண்டாம்.” பையன்கள் கலைந்துவிட்டார்கள். கேஸ் என்றால் பாஸ்போர்ட் போய்விடும். பாதிப் பேருக்கு வளைகுடா கனவு.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்குப் பிடி கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாங்கள் ‘சார்வாள்’ என்போம், அவர்தான் கேட்டார்: “உத்தரவுன்னா அதுக்கு எண் இருக்கணும், தேதி இருக்கணும்லா? அதக் கேட்டா என்ன?”

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு எழுதுவது எளிது. வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால் செலவு. என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்பே போட்ட மனுவைப் பார்த்தோம். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? மக்கள் உயிருக்கு என்ன உத்தரவாதம்?” என்று உருக்கமாக எழுதியிருந்தார். பதில் ஒரே வரி: கேள்விக்கு விளக்கம் தருவது தகவல் ஆகாது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், இல்லாத காரணத்தை உண்டாக்கித் தர வேண்டியதில்லை. அதனால் எங்கள் மனுவில் ‘ஏன்’ என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டோம். இந்தத் தெருவின் வழியாகக் கனிம லாரிகள் செல்ல அனுமதித்த உத்தரவின் நகல். குவாரியின் அங்கீகரிக்கப்பட்ட சுரங்கத் திட்டத்தின் நகல், வரைபடங்களோடு. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் கொடுக்கப்பட்ட நடைச்சீட்டுகளின் நகல். அவ்வளவுதான். நடைச்சீட்டு என்பது கல் ஏற்றிப் போகக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு; அதில் லாரி எண், அளவு, நேரம், போகும் இடம் எல்லாம் இருக்கும். ஆவேசமாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி ஊரில் வற்புறுத்தினார்கள், சார்வாள் விடவில்லை.

வேறு வேறு பெயர்களில் போட்டோம். என் பெயரில் ஒன்று, சார்வாள் பெயரில் ஒன்று, மகளிர் குழு அக்கா பெயரில் ஒன்று. ஒரே ஆள் பெயரில் போட்டால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆள் வரும். குத்தகைதாரர் பற்றிய ஆவணம் கேட்டால் ஆர்.டி.ஐ. சட்டம் 11ஆம் பிரிவின்படி அலுவலகம் அவருக்கு அறிவிப்பு அனுப்பி ஆட்சேபம் கேட்கலாம். அப்போது கேட்டவர் யாரென்ற செய்தியும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் விஷயத்திலும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி என் வீட்டுக்கு லாலா கடை அல்வாவோடு வந்தார். என் அம்மாவிடம் நலம் விசாரித்தார். “தம்பி நல்லா எழுதுதானாமே” என்றார். மிரட்டல் என்று ஒரு சொல் இல்லை. மறுநாள் குவாரியில் டிரைவராக இருக்கும் என் சித்தப்பா மகன் வந்தான். “அண்ணே, நடைக்கு இவ்வளவுன்னுதான் எங்களுக்குக் கூலி. சுத்தி வந்தா ராத்திரிக்கு ஒரு நடை குறையும். நீ பாட்டுக்கு எழுதிட்டே இருக்க.” அல்வா என்னை ஒன்றும் செய்யவில்லை, இவன் பேச்சுதான் செய்தது. ஓட்டுகிறவன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில்கள் வந்தன. நடைச்சீட்டும் சுரங்கத் திட்டமும் மூன்றாம் நபர் தொடர்பான வணிகத் தகவல், தர இயலாது. உத்தரவு பற்றி மட்டும் ஒரு வரி: “மனுதாரர் கோரும் உத்தரவு ஏதும் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை.”

ஊரில் எல்லோரும் சோர்ந்துவிட்டார்கள். கேட்டதைத் தரவில்லையே என்று. சார்வாள் மட்டும் கடிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் வாசித்தார். “லேய், இதுதாம்ல நமக்கு வேண்டியது” என்றார். இத்தனை வருஷமாக ஊரை ஒடுக்கி வைத்திருந்த உத்தரவு அங்கே இல்லவே இல்லை என்று அலுவலக முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே கேள்வியைச் சம்பந்தப்பட்ட மற்ற துறைகளுக்கும் அனுப்பினோம். எல்லா இடத்திலிருந்தும் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே வந்தது. ஒவ்வொன்றையும் லேமினேட் செய்யலாமா என்று கூட யோசித்தோம்.

சுரங்கத் திட்டத்துக்கு 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. கட்டணம் கிடையாது. வணிக ரகசியம் என்பதற்கு எங்கள் மறுப்பு எளிமையானது: குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலேயே கிடக்கிறது, ஊரே பார்க்கலாம், அதற்கு அடிப்படையான திட்டம் மட்டும் எப்படி ரகசியம் ஆகும்? அந்த அனுமதியைத் தேடி எடுத்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் இந்த அனுமதி கட்டாயம். நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கையும் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் இந்தக் காகிதங்களை ஊரில் யாரும் தேட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

மேல்முறையீட்டில் பாதி ஜெயித்தோம். திட்டத்தின் நகல் தர உத்தரவு. நடைச்சீட்டு கிடையாது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கிய காகிதக் கட்டுக்குள், போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் இரண்டே வாக்கியம். கனிமம் இன்ன சாலை வழியாக எடுத்துச் செல்லப்படும். குடியிருப்புகள் வழியாக வாகனங்கள் இயக்கப்படமாட்டா. வரைபடத்தில் எடைமேடை இருக்கும் சுற்று வழிக்குத் தடித்த கோடு. எங்கள் தெரு மெல்லிய இரட்டைக் கோடாக, அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல் தனியே கிடந்தது. கீழே குத்தகைதாரர் கையெழுத்து.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தோம். எல்லோரும் பேசி முடித்ததும் கிளார்க் பேனாவை மூடிவிட்டு, “பேசுனது எல்லாம் பதிவாயிரும், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்றார். மகளிர் குழு அக்கா நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, “தீர்மானத்துக்கு நம்பர் போட்டு எழுதுங்க சார், வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுதோம்” என்று உட்கார்ந்துவிட்டார். எழுதி முடிக்கும்வரை பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆண்களில் சிலர் சாப்பாட்டு நேரம் என்று நழுவப் பார்த்தார்கள்.

பிறகு மறியல் தேதி அறிவித்தோம். அறிவித்தால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள், அது வழக்கம். இந்த முறை நாங்கள் கெஞ்சுவதற்குப் போகவில்லை. திட்டத்தின் பக்கம், அனுமதியின் நிபந்தனை எண், ‘இல்லை’ கடிதங்கள், தீர்மான நகல் எல்லாம் வரிசையாக ஒரு ஃபைலில். குவாரி தரப்புக்காக அண்ணாச்சி வந்திருந்தார். வழக்கம்போல உத்தரவுப் பேச்சை எடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, “நகல் இருக்கா?” என்றார். “வாய்மொழியாச் சொன்னதுங்க.” “யார் சொன்னது?” அண்ணாச்சி செல்போனை எடுத்துப் பார்த்தார், வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார், அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். யார் சொன்னது என்பது கடைசிவரை வரவில்லை. ஒருவேளை யாரும் சொல்லவே இல்லையோ, அல்லது சொல்லக்கூடாதவர் சொன்னதோ. எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் வாய்மொழிக்கு ஆர்.டி.ஐ. கிடையாதே.

கூட்டக் குறிப்பில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டோம். திட்டத்தில் உள்ள வழியில்தான் லாரி போகும், மீறினால் நடவடிக்கை. சில நாட்களில் தெருமுனையில் கனரக வாகனங்களுக்குத் தடை என்று பலகை வந்தது. லாரிச் சத்தம் நின்றது. நெடுஞ்சாலையில் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது, அது எங்கள் கையில் இல்லை.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பலகைக்குப் பின்னால் இருப்பது மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்கு மேல் தடை நீடிக்க வேண்டுமென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்ததா என்று கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. பலகையை நட்டவர்களுக்கே அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. நடைச்சீட்டுக்கான இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் தகவல் ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது. 90 நாளுக்குள் போட வேண்டியது, போட்டாயிற்று. எங்கள் பக்கம் மனு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திவிட்டது. தனிநபர் தகவல் என்று ஒரு சொல்லில் மறுப்பது இனி அவர்களுக்குச் சுலபம். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

உடைந்த ரோட்டைப் போடும் செலவு யாருடையது என்பது பாக்கி. ஒன்றியம் நிதி இல்லை என்கிறது. மாவட்டக் கனிம அறக்கட்டளையில், இந்த மாதிரி ஊர்களுக்கென்றே குவாரிக்காரர்கள் செலுத்தும் பணம் இருக்கிறது. அதிலிருந்து இதுவரை எந்தெந்த வேலைக்குக் கொடுத்தார்கள் என்று பட்டியலின் நகல் கேட்டு அடுத்த மனு போயிருக்கிறது. இந்த முறை மகளிர் குழு அக்கா தானே எழுதினார். நான் ஸ்டாம்ப் ஒட்டினேன்.