பின்வளவில் ஒரு பழைய காற்றுத் துவக்கு

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களில் பலருக்கு முகம் மாறிவிடும். அதனால்தான் இங்கிலாந்தில் வாங்கிய வீட்டின் லொஃப்ட்டில் பழைய எயார் ரைஃபிள் ஒன்று கிடந்தால் முதலில் வருவது பதற்றம். பெரும்பாலும் அதற்கு அவசியமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-இறாத்தல், அதாவது சுமார் 16.3 ஜூல், சக்திக்கு மேற்படாத சாதாரண எயார் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேண்டாம். அதற்கு மேல் போனால் அது சட்டப்படி வேறு வகை ஆயுதம். சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது பெரிய குற்றம்.

லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு வீடு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இதே துவக்குக்குச் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் 1 ஜூலுக்கு மேல் போனாலே அனுமதி தேவை.

லைசன்ஸ் இல்லை என்பதற்காக விதியே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்குபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடைக்காரர் நேரில்தான் கொடுக்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பது உங்கள் சட்டக் கடமை. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை சுட்டுப் பழக, 21 வயதுக்குக் குறையாத ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காரணமில்லாமல் தெருவில் கொண்டு திரிவது, உள்ளே சன்னம் (குண்டு) இல்லாமல் இருந்தாலும், குற்றம். எங்காவது கொண்டுபோவதென்றால் உறையில் போட்டுக் கட்டுங்கள். சுட்ட சன்னம் அயலவரின் வளவுக்குள் அவர் சம்மதமின்றிப் போனால் அதுவும் குற்றமே. குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையைப் பார்ப்பார்கள் என்பதை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஜன்னலால் பார்த்துப் பயந்து அவர் பொலிசைக் கூப்பிட்டால் பிழை அவருடையது அல்ல.

இனித் துவக்கு. இந்த நாட்டில் அதிகம் கண்ணில் படுவது பேர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. கம்பனியின் மீட்டியோர், 1959இல் வந்தது. குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. அதற்கு முந்தியவை 1948இன் எயார்ஸ்போர்ட்டரும் 1947இன் வெப்லி மார்க் 3உம். இரண்டுக்கும் குழல் அசையாது, கீழேயுள்ள நெம்புகோலை இழுத்து ஏற்ற வேண்டும். சன்னத்தை, தண்ணீர்க் குழாய்த் திருகு போலத் திரும்பும் ஒரு பாகத்தின் துளைக்குள் போடுவீர்கள். அந்தத் திருகு தேய்ந்திருந்தால் காற்றுக் கசியும், அதைச் சரிசெய்வது இலேசான வேலை இல்லை. முதல் துவக்குக்கு மீட்டியோர் போதும்.

வாங்குமுன் குழலை நீளவாக்கில் கண்ணோடு பிடித்துப் பாருங்கள். மேல்நோக்கி வளைந்திருந்தால், யாரோ குழலை மடித்த நிலையிலேயே விசையை அழுத்தியிருக்கிறார்கள். அப்படி அழுத்தினால் குழல் அடித்து மூடும்; விரல் இருந்தால் விரல் போகும். பல பழைய துவக்குகளில் பாதுகாப்புப் பூட்டே கிடையாது. அதனால் சன்னம் போடும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், விசைப் பக்கம் விரல் போகவே கூடாது. மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா, பிடங்கின் (தோளில் அணைக்கும் மரக்கட்டையின்) மெல்லிய கழுத்தில் வெடிப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சுட்டால் பலமில்லை என்றால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது குழல் மூடும் இடத்து வாஷர். அந்த இடத்தில் மெல்லிய டிஷ்யூத் துண்டொன்றை வைத்து, சன்னம் போட்டு, தடுப்பை நோக்கிச் சுடுங்கள். துண்டு துள்ளினால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. அந்த வாஷர் தோலாலோ ரப்பராலோ ஆனது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, ஸ்பிரிங் தள்ளக் காற்றை அழுத்தும் பிஸ்டனின் முனை. பழையவற்றில் அது தோல். தோல் காய்ந்தால் சுருங்கும், காற்றுப் பிடிக்காது. துவக்கைப் பிடங்கு கீழே இருக்க நிறுத்தி, ஸ்பிரிங் ஏறாத அளவுக்குக் குழலைச் சற்றே மடித்து, காற்று வரும் துளைக்குள் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது, தோலுக்குப் பூசுவது) இரண்டு மூன்று துளி விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் முதல் சில சூட்டில் புகையும் எரிந்த மணமும் வரும், பிறகு அடங்கும். துளிகள் கூடினால் அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றி, பெரிய சத்தத்தோடு ஸ்பிரிங்கையும் வாஷரையும் கெடுக்கும். பிஸ்டன் முனையில் செயற்கை வாஷர் போட்ட துவக்குக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெளியே எடுக்க ஆசைப்படாதீர்கள். ஏற்றாத நிலையிலும் அது இறுகித்தான் இருக்கிறது. தகுந்த கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் முகத்துக்கு வரும். பலமான ஸ்பிரிங் போடுவது இன்னொரு அசட்டு வேலை. 5.5 மில்லிமீட்டர் சன்னம் ஏறத்தாழ 0.94 கிராம். அது விநாடிக்கு 150 மீட்டர் போனால் 10.6 ஜூல், 186 மீட்டர் போனால் சட்ட எல்லையில் நிற்கிறது. கடதாசி ஓட்டைபோட முதலாவதே தாராளம்.

சன்னம் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. சன்னம் தடுக்கும் காற்றுத்தான் பிஸ்டனுக்கு மெத்தை. அது இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு மோதும். ஏற்றி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போவதும் கூடாது. பழைய பி.எஸ்.ஏ. குழல்கள் சிலவற்றுக்கு 5.5 சன்னம் தளர்வாக இருக்கும், 5.6 என்று எழுதிய டப்பாவைத் தேடுங்கள். சன்னம் ஈயம்; கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

குறி சிதறினால் முதலில் பிடங்கின் திருகாணிகளை இறுக்குங்கள். பாதிப் பேருக்கு நோய் அதுதான். மீதிப் பேர் துவக்கை நெரிக்கிறார்கள். ஸ்பிரிங் துவக்கு, சன்னம் குழலை விட்டுப் போகுமுன்னே பின்னும் முன்னும் உதைக்கிறது. முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், தோளில் மெல்ல அணையுங்கள். மேசை விளிம்பில் ஊன்றிச் சுட்டால் குறி மேலே ஓடும்.

இலக்குக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் சதுர மரப்பெட்டி, உள்ளே நாலு சென்டிமீட்டர் தடிப்பில் காயாத குழாய்ப் புட்டி, அதற்கும் பின்னால் தடித்த பிளைவுட். செங்கல் சுவரிலோ போத்தலிலோ சுட்டால் திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் நிற்க வேண்டாம். ஷெட்டில் வைத்தால் இந்த ஊர் ஈரம் ஒரே குளிர்காலத்தில் குழலில் துரு ஏற்றிவிடும். உள்ளே பூட்டி, தொட்டபின் எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பின்வளவே இல்லாத ஃபிளாட் ஆட்களுக்குக் கிளப்புகள் உண்டு. பேர்மிங்ஹாம் பக்கம் இருப்பவர்கள் பப்களில் நடக்கும் பெல் டார்கெட் போட்டியை விசாரித்துப் பாருங்கள். தூரம் ஆறு யார்ட், அதாவது ஐந்தரை மீட்டர்தான். இரும்புத் தகட்டின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஓட்டை, அதற்குள் சன்னம் போனால் பின்னால் மணி அடிக்கும்.