நக்கல்னா நாய் நக்குறதா?

சின்ன வயசுல வீட்ல 'நக்கல் பண்ணாத'னு தம்பிகிட்ட சொன்னா போதும், அம்மாவுக்குக் கோவம் வந்துடும். நாய்தான் நக்கும், மனுஷன் பேசுற பேச்சா இது, கேலின்னு சொல்லு கிண்டல்னு சொல்லும்பாங்க. ஸ்கூல்லயும் ஒரு டீச்சர் கட்டுரை நோட்டுல இந்த வார்த்தையை சிவப்பு மையில அடிச்சிருக்காங்க. அதனால ரொம்ப வருஷம் இது ஏதோ கெட்ட வார்த்தைன்னே நினைச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் பழைய பாட்டெல்லாம் படிக்க ஆரம்பிச்சப்பதான் நகுன்ற வினைச்சொல் கண்ல பட்டுச்சு. நகுன்னா சிரி, நகைன்னா சிரிப்பு, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா இதோட இறந்தகாலம் எப்படி வரும்? புகு புக்கான் ஆகுது, அதே மாதிரி நகு நக்கான் ஆகுது, நக்கான்னா சிரிச்சான், நக்குன்னா சிரிச்சு. நாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! நாம சொல்ற நக்கலும் இந்த நகுல இருந்து வந்ததுதான்னு நான் முழுசா நம்புறேன், ஏன்னா அர்த்தம் அப்படியே பொருந்துது, நக்குறதுக்கும் கேலிக்கும் நடுவுல பாலம் போட எவ்வளவு யோசிச்சாலும் ஒண்ணும் கிடைக்கல. (குறள் 999ல 'நகல்வல்லர்'னு வருது, சிரிச்சுப் பழகத் தெரிஞ்சவங்கன்னு அர்த்தம். இன்னைக்கு நகல்னா ஜெராக்ஸ், அது அரபில இருந்து வந்த வேற சொல்லு.)

இங்கிலீஷ்ல சர்காசம்னு சொல்றாங்களே, அதோட வேர் கிரேக்கத்துல இருக்கு, சதையைக் கிழிக்கிறதுன்னு அர்த்தம். அவங்க வார்த்தையிலயே பல்லு இருக்கு, நம்ம வார்த்தையில சிரிப்புதான் இருக்கு. அதுக்காக நம்ம ஆளுங்களுக்குக் கடிக்கத் தெரியாதுன்னு இல்ல. தொல்காப்பியம் சிரிப்பு எதுலேந்து வருதுன்னு நாலு காரணம் சொல்லுது, எள்ளல் இளமை பேதைமை மடன், அதுல முதல்ல நிக்கிறதே எள்ளல், அதாவது கேலி. புறநானூறு 95ல ஔவையார் எதிரி அரசன் தொண்டைமானோட ஆயுதங்களைப் பாத்து மயில்பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி அழகா வச்சிருக்கீங்க, எங்க அரசன் அதியமானோட வேல் பகைவரைக் குத்திக் குத்தி முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுங்கறாங்க. போருக்கே போகாத ஆயுதம்னு வாய்விட்டுச் சொல்லவே இல்ல, புகழ்ந்தே குத்திட்டாங்க. இதைத்தான் வஞ்சப்புகழ்ச்சின்னு பின்னாடி அணியாவே வச்சாங்க. எனக்கு இதை எத்தனை தடவை படிச்சாலும் சிலிர்க்கும்.

குத்தல் பேச்சு எவ்வளவு வலிக்கும்னும் வள்ளுவருக்குத் தெரிஞ்சிருக்கு, 'நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி'ங்கறார், விளையாட்டுக்குக்கூட ஒருத்தரை இகழ்ந்தா அது துன்பம்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா சாயங்காலம் விளக்கேத்திட்டு தேவாரம் பாடிட்டு இருந்தாங்க. அப்பர் பாட்டு, 'நெக்கு நெக்கு நினைபவர்'. மனசுல பொய்ய வச்சுக்கிட்டு பூவும் தண்ணியும் கொண்டு வர்றவங்களப் பாத்து சிவன் 'நக்கு நிற்பன்'னு வருமே, அந்த வரி வந்ததும் அம்மா இதுக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டு நிப்பாருடா, வேற என்னன்னாங்க. அப்புறம் என்னையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. திரும்ப அந்த வரியை முதல்லேந்து மெதுவா பாடினாங்க.